கடைசி முழத்துக்கு வெடி இல்லை

புங்குடுதீவில் ஒரு வீட்டுக் கிணற்றின் குணத்தை அறிய அதை எட்டிப் பார்க்கத் தேவையில்லை. அந்த வீட்டில் தரும் தேநீரைப் பார்த்தால் போதும். பால் தேநீர் வந்தால் கிணற்றில் நல்ல தண்ணீர். வெறும் தேநீர் வந்தால் சவர்த் தண்ணீர். உப்புக் கலந்த தண்ணீரில் பால் திரைந்துபோகும் என்பதால் அந்த வீட்டுக்காரர் பால் பற்றிய பேச்சையே எடுக்க மாட்டார்கள். வந்தவர்களும் கேட்க மாட்டார்கள். வெளியூரிலிருந்து கலியாணம் முடித்து வந்தவர்களுக்கு இந்த நாகரிகம் பிடிபடக் கொஞ்சக் காலம் செல்லும்.

நான் சொல்லப்போகும் வீட்டில் முதல் நாள் எனக்குக் கிடைத்தது பால் தேநீர். அது நடந்து நாலு வருடம். அந்த ருசி இன்னும் நாக்கில் நிற்கிறது என்று எழுத ஆசைதான். உண்மையில், சீனி கொஞ்சம் கூட என்பது மட்டுமே நினைவில் இருக்கிறது.

அப்போது நான் கண்ணிவெடி அகற்றும் நிறுவனம் ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தேன். போர் முடிந்து ஊருக்குத் திரும்பி, வேறு வேலை எதுவும் அகப்படாமல் இருந்தபோது சேர்ந்தது. பெண்களை நிறையவே எடுத்தார்கள். எங்களுக்குப் பொறுமை அதிகமாம். வன்னிக் காடுகளில் முகத்துக்கு மறைப்புப் போட்டுக்கொண்டு, கொதிக்கிற வெயிலில் குந்தியிருந்து, விரல் அகலம் விரல் அகலமாக மண்ணைச் சுரண்டிய வருடங்கள் அவை. பொறுமை என்று சொல்வார்கள். வேறு வழியில்லாமல் இருப்பதற்கும் அந்தப் பெயரைத்தான் வைக்கிறார்கள்.

என் அப்பாவும் வெடியோடு சீவித்தவர்தான். தீவுகளில் ஒரு முழம் மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக் கல். அலவாங்கால் மட்டும் கொத்திக் கிணறு இறக்குவதென்றால் தோண்டத் தொடங்கியவர் தண்ணீர் குடிக்க மாட்டார். கல்லில் ஆழமாகத் துளை போட்டு, அதற்குள் டைனமைற் வைத்து, கிணற்று வாயைப் பனங்குற்றியும் ஓலையும் போட்டு மூடி, திரியைக் கொளுத்திவிட்டு ஓடுவார்கள். அப்பா அந்த வேலைக்காரர். மூன்று தரம் ‘வெடி! வெடி! வெடி!’ என்று கத்துவார். அந்தச் சத்தத்துக்குத் தெருவில் போகிற மாடுகூட நின்றுவிடும் என்று ஊரில் பகிடி சொல்வார்கள்.

ஆனால் தீவுக் கிணறு மற்ற இடத்துக் கிணறு மாதிரி அல்ல. மழைத் தண்ணீர் கல்லுக்குள் இறங்கி, கீழே இருக்கும் உப்புத் தண்ணீருக்கு மேலே ஒரு படையாக நிற்கிறது. கிணறு அந்தப் படையைத் தொட வேண்டும், தாண்டக் கூடாது. அதனால் அப்பாவிடம் ஒரு வழக்கம் இருந்தது. துளையிலிருந்து வரும் கல்மாவை விரலில் தொட்டு நாக்கில் வைப்பார். தண்ணீர் நெருங்கிவிட்டது என்று பட்டால் டைனமைற்றைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடுவார். கடைசி முழத்துக்கு வெடி இல்லை. எத்தனை நாள் எடுத்தாலும் அதைக் கையால்தான் கொத்த வேண்டும். கல்லுக்குள் ஒரு வெடிப்பு ஓடினால் அது எங்கே போய் நிற்கும் என்று அதை வைத்தவனுக்கும் தெரியாது என்பார். வீட்டுக்காரர் அவசரப்படுத்தினால் சாமான்களைக் கட்டிக்கொண்டு வந்துவிடுவார். சமாதானம் பேசித்தான் திரும்பக் கூட்டிப்போக வேண்டும்.

அந்த வேலை அவருக்குக் கொடுத்த ஒரே நோய் தலையிடி. டைனமைற்றை வெறுங்கையால் தொட்டால் அதன் சாரம் தோலுக்குள் இறங்கி மண்டையைப் பிளக்கும். தினமும் தொட்டால் பழகிவிடும். இரண்டு நாள் ஓய்வெடுத்துவிட்டுப் போனால் திரும்பவும் வரும். அதற்காக அப்பா ஓய்வு நாட்களிலும் டைனமைற் சுற்றி வந்த கடதாசியில் ஒரு துண்டை இடுப்பில் கட்டிய சாரத்தின் மடியில் செருகி வைத்திருப்பார். அம்மா அதைக் கண்டால் திட்டுவா. ‘வீட்டுக்கையும் அதைக் கொண்டு திரியிறியளே’ என்று அவ சொன்னது எனக்கு நல்ல ஞாபகம்.

போர் வந்தது. டைனமைற் ஒரு துண்டு வைத்திருப்பதே குற்றமாயிற்று. கல்லை உடைக்க வெடி கிடைக்காத அந்த வருடங்களில் ஆட்களை உடைக்கத் தேவையான அளவு கிடைத்தது. தீவை விட்டு நாங்கள் இடம்பெயர்ந்து போனபோது வழியில் ஷெல் விழுந்து என் அண்ணை செத்துப்போனார். இருபத்தொரு வயது. அவரைத் துணியில் சேர்த்தெடுத்தது அப்பாதான், வேறு யாரையும் கிட்ட விடவில்லை. நான் அவரோடு அதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. திரும்பி வந்த பிறகு, நயினாதீவு அம்மன் திருவிழாவுக்குப் போடும் வாணவேடிக்கை கடல் தாண்டி எங்கள் வீட்டுக்குக் கேட்கும்போதெல்லாம் அப்பா எழுந்து குசினிக்குள் போய் அடுப்படியில் சத்தம் ஓயும்வரை நிற்பார்.

நான் வேலைக்குச் சேர்ந்ததை அவர் விரும்பவில்லை, தடுக்கவும் இல்லை. பயிற்சியில் ஒரு வெள்ளைக்காரர் எங்களுக்கு வெடிமருந்தின் வரலாற்றை ஒரு காலைப்பொழுதில் சொல்லி முடித்தார். சாவில்லாமல் வாழ ஒரு மருந்து தேடிய சீனத்துக்காரர்கள் கரியையும் கந்தகத்தையும் வெடியுப்பையும் கலந்து பார்த்ததிலிருந்து தொடங்கினார். அது பீரங்கிக்குள் போய்க் கப்பலேறியது. ஊர்காவற்துறைக்கு எதிரே கடலுக்குள் நிற்கும் பறங்கியர் கோட்டையைப் பார்த்து வளர்ந்த எனக்கு அந்தப் பகுதியை யாரும் சொல்லித் தரத் தேவையிருக்கவில்லை. மலைநாட்டு றெயில் பாதையின் சுரங்கங்களைக் குடைந்ததும் அதே சரக்குத்தான். பிறகு ஆய்வுகூடத்தில் ஒருவர் எண்ணெய் மாதிரி ஒரு திரவத்தைச் செய்து, நாக்கில் ஒரு துளி வைத்துப் பார்த்து, கடும் தலையிடியால் அவதிப்பட்டாராம். வகுப்பில் எல்லோரும் சிரித்தார்கள். நான் அப்பாவை நினைத்தேன். அந்தத் திரவத்தை இன்னொருவர் ஒருவகை மண்ணில் ஊறவைத்துக் கையாளக்கூடியதாக்கினார். அதுதான் டைனமைற். கடைசியில் வெள்ளைக்காரர் கைகளைத் துடைத்துக்கொண்டு, எல்லாம் பாவிக்கிற மனிதர் கையில்தான் இருக்கிறது என்று முடித்தார். பள்ளிக்கூடக் கட்டுரை மாதிரி இருந்தது. அண்ணையை உடைத்த ஷெல்லை ஏவியவனும் தன் கையில் நல்லதுதான் இருப்பதாக நினைத்திருப்பான்.

அந்த வகுப்பில் கேட்ட இன்னொன்று பல வருடம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. அப்பாவுக்கு நெஞ்சுநோ வரத் தொடங்கியபோது வைத்தியர் நாக்கின் கீழே வைக்கும் சின்னக் குளிசை கொடுத்தார். முதல் நாள் அதை வைத்துக் கொஞ்ச நேரத்தில் அப்பா நெற்றியைப் பிடித்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

‘பிள்ளை, இது அந்தப் பழைய தலையிடி. டைனமைற் தலையிடி.’

நான் குளிசைப் போத்தலில் இருந்த பெயரை வாசித்தேன். டைனமைற்றுக்குள் இருக்கும் அதே திரவம்தான். டைனமைற்றைச் செய்தவருக்கே வயதுபோன காலத்தில் வைத்தியர்கள் அதைத்தான் எழுதிக் கொடுத்தார்கள் என்று வகுப்பில் சொன்னது அப்போது ஞாபகம் வந்தது. அப்பாவிடம் சொன்னேன். அவர் போத்தலை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, ‘அப்ப அந்தக் கடதாசியை மடியிலை வைச்சதுக்குக் கொம்மா சும்மா திட்டியிருக்கிறா’ என்றார். அம்மா போன பிறகு அவர் சிரித்து நான் கண்டது அன்றைக்குத்தான்.

இனிக் கிணற்றுக்கு வருகிறேன்.

அந்த வீட்டு அக்காவுக்கு அப்போது அறுபது தாண்டிவிட்டது. அவவின் ஆட்கள் முந்தித் தெற்கே கடை வைத்திருந்த குடும்பம். பிள்ளைகள் மூன்றுபேரும் கனடாவில். புருஷன் இறந்த பிறகு அவ கொழும்பில் ஒரு மாடி வீட்டில் தனியாக இருந்தா. திடீரென்று ஒருநாள் ஊருக்கே போகிறேன் என்று வெளிக்கிட்டுவிட்டா. பிள்ளைகள் விடவில்லை. அங்கே என்ன இருக்கிறது, கூரையில்லாத வீடும் பாம்புப் புற்றும்தானே என்றார்கள். அவ சொன்ன ஒரே பதில், எங்களுடைய கிணற்றில் நல்ல தண்ணீர் இருக்கிறது என்பது. அது உண்மை. அந்தத் தெருவில் பால் தேநீர் கொடுக்கக்கூடிய கிணறு அது ஒன்றுதான். இடம்பெயர முந்தி ஊர்ப்பெண்கள் குடத்தோடு வந்து அங்கேதான் நிற்பார்கள். கடைசியில் பிள்ளைகள் ஒரு நிபந்தனை போட்டார்கள். தண்ணீர் முந்தி மாதிரி இருந்தால் இருங்கள், இல்லாவிட்டால் மறுபேச்சில்லாமல் கனடாவுக்கு வர வேண்டும். அவ ஒத்துக்கொண்டா. வெட்டி எறிந்தாலும் பனிக்குள் போய்க் கிடக்க மாட்டேன் என்று என்னிடம் சொன்னா.

பாதி வீட்டுக்குக் கூரை போட்டு அவ குடியேறினா. தண்ணீர் நன்றாகவே இருந்தது. கோடையில் கிணற்றை இறைத்துச் சேறு அள்ள ஆட்களைப் பிடித்தா. அவர்கள் இறைத்து முடித்து, இறங்கி நாலு வாளி சேறு அள்ளியதும், சேற்றுக்குள்ளிருந்து மோட்டார் ஷெல் ஒன்றின் வால் தெரிந்தது. ஆட்கள் ஏணியையும் விட்டுவிட்டு ஓடினார்கள். இத்தனை மாதமும் அதன் மேலே நின்ற தண்ணீரைத்தான் அவ குடித்திருக்கிறா.

தகவல் எங்கள் நிறுவனத்துக்கு வந்தது. நான் ஊர்க்காரி என்பதால் என்னை அனுப்பினார்கள். அன்று காலை வீட்டிலிருந்து வெளிக்கிடும்போது அப்பா கேட்டார்.

‘ஆரின்ரை வளவுக் கிணறு?’

சொன்னேன்.

‘அது நான் வெடி வைச்ச கிணறு. அடியிலை மெல்லிய கல்லுத்தான் பிள்ளை. கடைசி முழம் பத்து நாள் கையாலை கொத்தினனான். உன்ரை ஆக்களுக்குச் சொல்லு, என்ன செய்தாலும் அதுக்குள்ளை வெடிக்க வைக்க வேண்டாமெண்டு.’

‘ஓம் அப்பா.’

‘கெதியா வா’ என்றார். அன்று விடியவும் ஒரு குளிசை வைத்திருந்தார்.

அக்கா எங்களுக்குத் தேநீர் தந்தா. இறைக்க முந்தி அள்ளி வைத்த தண்ணீர். என் அப்பா யாரென்று கேட்டறிந்ததும் முகம் மலர்ந்துவிட்டது. கிணறு வெட்டியபோது அவ சின்னப் பிள்ளையாம், அப்பாவுக்குத் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தது அவதானாம். தேநீர்க் கோப்பையோடு நின்றுகொண்டு நான் ஒரு வாக்குக் கொடுத்தேன். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் கொடுத்தேன்.

‘பயப்பிடாதேங்கோ அக்கா. தண்ணிக்கு ஒண்டும் வராது.’

இந்த மாதிரி ஷெல்லை எடுக்க இரண்டு வழி உண்டு. ஏவப்பட்டு வெடிக்காமல் கிடப்பதைக் கையால் தூக்கக் கூடாது. ஆனால் அது இளகிய மண்ணில் கிடந்தால், ஒருவர் இறங்கி அதன் வாலில் அசையாமல் கயிறு மாட்டிவிட்டு மேலே வரலாம். பிறகு எல்லோரும் தூரத்தில் மண்மூட்டைக்குப் பின்னால் இருந்துகொண்டு கப்பியில் இழுத்தெடுக்கலாம். இறுகிக் கிடந்தால் இழுக்க முடியாது. கிடக்கிற இடத்திலேயே வெடிக்க வைப்பதுதான் வழி. எது என்று பார்த்துச் சொல்ல ஒருவர் இறங்க வேண்டும். அது நான்.

வெட்டவெளியில் குந்தியிருந்து கண்ணிவெடி எடுப்பது வேறு. அங்கே நாலாபக்கமும் வானம் இருக்கும். கிணற்றுக்குள் தலைக்கு மேலே ஒரு வட்டம்தான். ஏணியின் கடைசிப் படியில் நின்று குனிந்தேன். ஷெல் சரிந்து கிடந்தது. மூக்கு சேற்றுக்குள், வால் என்னைப் பார்த்தபடி. துருப்பிடித்து, பாசி படர்ந்து, ஏதோ ஒரு வீட்டுச் சாமான் மாதிரி சாதாரணமாகக் கிடந்தது. மெல்லிய தடியால் அதற்குப் பக்கத்துச் சேற்றைத் தொட்டேன். தடி கூழுக்குள் போவது போல உள்ளே போயிற்று. மறுபக்கம் தொட்டேன். அங்கும் அப்படித்தான். கல் எங்கேயும் தட்டுப்படவில்லை.

கயிற்றில் எடுக்கலாம். எனக்கு அது அந்தக் கணமே தெரிந்தது. கயிறு மாட்ட இன்னொரு தரம் இறங்க வேண்டும் என்பதும் தெரிந்தது. அதன் வாலைத் தொட வேண்டும்.

பத்து வருடத்துக்கு மேல் இந்த வேலையில் இருந்தவள் நான். எத்தனையோ வெடிகளை என் கையால் வெளியில் எடுத்திருக்கிறேன். அன்றைக்குத் தடியை இழுத்தெடுத்துக்கொண்டு தலைக்கு மேலே தெரிந்த வட்டத்தைப் பார்த்தேன். அண்ணை நினைவுக்கு வந்தார், துணி நினைவுக்கு வந்தது, அப்பாவுக்கு இனி இருப்பது நான் ஒருத்திதான் என்று நினைத்தேன். நினைத்தது பொய்யில்லை. ஆனால் நான் பயந்தது அப்பாவுக்காக அல்ல, எனக்காகத்தான். இதை எழுத எனக்கு நாலு வருடம் எடுத்திருக்கிறது.

ஏணியில் ஏறி வந்தேன். எங்கள் பொறுப்பாளர் என்னைவிட வயதில் இளையவர், நல்ல பிள்ளை.

‘என்ன மாதிரி அக்கா?’

‘கல்லுக்கை இறுகிப்போய்க் கிடக்கு தம்பி. கட்டி இழுக்க ஏலாது.’

‘வடிவாப் பாத்தனீங்களோ?’

‘ஓம்.’

அவர் எழுதிக்கொண்டார். நான் கையெழுத்து வைத்தேன். அப்பா சொல்லிவிட்டதை நான் அவருக்குச் சொல்லவில்லை. சொன்னால், அப்படியென்றால் இன்னொருக்கா இறங்கிப் பார்ப்போமா என்று கேட்டிருப்பார்.

கிணற்றைச் சுற்றிக் கட்டிய சிவப்பு நாடாவுக்கு வெளியே ஒரு பனைக்குக் கீழே அக்கா நின்றுகொண்டிருந்தா. கிட்டப் போய், உள்ளுக்கே வைத்து வெடிக்க வைக்கப்போகிறோம், சின்ன வெடிதான் என்றேன். அவ என் முகத்தை நன்றாகப் பார்த்தா. கிணற்றைப் பற்றி ஏதாவது கேட்பா என்று நினைத்து மனதுக்குள் பதில்களை அடுக்கி வைத்திருந்தேன்.

‘நீர் இனி இறங்கத் தேவையில்லைத்தானே பிள்ளை?’

‘இல்லை அக்கா.’

‘அப்ப சரி’ என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள்ளே போய்விட்டா.

அனுமதி வர ஐந்து நாள் எடுத்தது. ஐந்து நாளும் காலையில் எழும்போது இன்றைக்குப் போய் உண்மையைச் சொல்லிவிடுவேன் என்று நினைத்தேன். அதற்குத் தேவைப்பட்டது ஒரு வாக்கியம்தான், நான் வடிவாகப் பார்க்கவில்லை, இன்னொருக்கா பார்க்கிறேன் என்று. அந்த வாக்கியத்துக்குள் ஏணி இருந்தது. ஆறாம் நாள் வெடிமருந்தோடு வண்டி வந்தது. யாரும் இறங்கவில்லை. பொதியைக் கயிற்றில் இறக்கினார்கள். ஷெல்லோடு ஒட்டி வைக்க முடியாது என்பதால் கொஞ்சம் கூடவே போட்டார்கள். சுற்றுவட்டார ஆட்களை வெளியேற்றினோம். பொறுப்பாளர் என்னைப் பார்த்து, உங்கள் ஊர், நீங்களே அழுத்துங்கள் என்று மரியாதையாக ஒதுங்கி நின்றார். அழுத்தியது என் கை.

நிலம் ஒருதரம் தூக்கிப் போட்டது. சேறும் கல்லும் பனை உயரத்துக்கு எழும்பி விழுந்தன. புகை அடங்கியதும் வழக்கம்போல எல்லாவற்றையும் சோதித்து முடித்தோம். கிணற்றுக் கட்டில் ஒரு பக்கம் இடிந்திருந்தது, வேறு சேதம் இல்லை என்று எழுதினோம்.

மறுநாள் ஊரே கிணற்றைப் பார்க்க வந்தது. தண்ணீர் ஒருநாளும் இல்லாத வேகத்தில் ஊறியிருந்தது. ‘வெடியிலை ஊத்துக்கண் திறந்திட்டுது, உமக்கு அடிச்சது அதிட்டம்’ என்று அக்காவிடம் ஒருவர் சொன்னார். எல்லோருக்கும் சந்தோஷம். அந்த வேகத்தைக் கண்டதும் எனக்கு அப்பா சொன்ன மெல்லிய கல் நினைவுக்கு வந்தது. யாரும் பார்க்காத நேரம் வாளிக்குள் விரலைத் தோய்த்து நாக்கில் வைத்தேன். ஒன்றும் தெரியவில்லை. எனக்கு அப்பாவின் நாக்கு இல்லை.

மூன்றாம் நாள் வேலை முடிந்து போகிற வழியில் இறங்கினேன். அக்கா இருக்கச் சொல்லிக் கதிரை போட்டா. தேநீர் கொண்டுவந்தா. தட்டில் கோப்பையைக் கண்டதும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வெறும் தேநீர். பக்கத்தில் ஒரு துண்டு பனங்கட்டி. நான் ஒன்றும் கேட்கவில்லை, அவவும் ஒன்றும் சொல்லவில்லை. மழையைப் பற்றியும் பஸ் பிந்தி வருவதைப் பற்றியும் பேசிவிட்டு எழுந்து வந்தேன். ஊர் நாகரிகம் சில நேரம் கள்ளருக்கு நல்ல வசதி.

அப்பாவிடமும் அதே பொய்யைத்தான் சொன்னேன். கல்லுக்குள் இறுகியிருந்தது, வேறு வழியில்லை என்றேன். அவர் முகட்டைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

‘அடியிலை நான் பொழிஞ்சு மட்டமாக்கி விட்டது தட்டைக் கல்லெல்லோ பிள்ளை. இறுகிறதுக்கு அதிலை இடமில்லையே.’

நான் குளிசைப் போத்தலை அவர் கைக்கெட்ட நகர்த்தி வைத்தேன். அவர் திரும்பக் கேட்கவில்லை. என் கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். அந்த மாரியில் அவர் போய்விட்டார். குளிசை நாக்கின் கீழே இருந்தபடியே போனார். செத்த வீட்டில் வழமைப்படி பிரேதம் எடுக்கும்போது வெடி கொளுத்த ஆட்கள் ஆயத்தமானார்கள். வேண்டாமென்று நான் மறித்தேன். வெடிகாரருக்கு வெடி இல்லையோ என்று சிலர் முறுமுறுத்தார்கள். தெரு முழுக்கச் சத்தமில்லாமல் அவரைக் கொண்டுபோனோம். அக்கா வந்திருந்தா, கடைசிவரை வாசல் படலையடியில் நின்றா.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த கையோடு அவவின் வீட்டுக்குப் போனேன். இந்த முறை சொல்லாமல் திரும்புவதில்லை என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன். முற்றத்தில் நீலத் தண்ணீர்த் தாங்கி ஒன்று நின்றது. கிழமைக்கு ஒருமுறை பவுசர் வண்டி வந்து நிரப்பிவிட்டுப் போகிறதாம், அது சமையலுக்கே காணாதாம். அவ கிணற்றிலிருந்து ஒரு வாளி அள்ளிக்கொண்டு குசினிக்குள் போனா. தேநீரைக் கொண்டுவந்து வைக்கும்போது கைத்தொலைபேசி அடித்தது. மகள். படத்தில் பார்த்துப் பேசுகிற அழைப்பு. அவ தொலைபேசியைக் கிணற்றுப் பக்கம் திருப்பாமல் வேப்பமரத்தின் பக்கம் திருப்பிப் பிடித்தா.

‘சாப்பிட்டனீங்களோ அம்மா? தண்ணி எல்லாம் எப்பிடி?’

‘தண்ணிக்கென்ன பிள்ளை. முந்தி மாதிரித்தான் கிடக்கு. இப்பவும் ஒரு செம்பு குடிச்சுப்போட்டுத்தான் இருக்கிறன்.’

மகள் சிரித்தது எனக்குக் கேட்டது. பேரப்பிள்ளைகள் வந்து கையசைத்துவிட்டுப் போனார்கள். அவ தொலைபேசியை மடியில் வைத்துவிட்டு, நான் கேட்டுக்கொண்டிருந்தது ஒரு பெரிய விஷயமே இல்லை என்பதுபோலப் பனங்கட்டித் தட்டை என் பக்கம் தள்ளினா.

‘அக்கா’ என்றேன். ‘அது இறுகியிருக்கேல்லை. சேத்துக்கைதான் கிடந்தது. கயித்திலை எடுத்திருக்கலாம். திரும்ப இறங்கப் பயத்திலை நான் பொய் சொன்னனான்.’

அவ திட்டுவா, அழுவா, எழும்பிப் போ என்பா என்று எல்லாவற்றுக்கும் ஆயத்தமாக இருந்தேன். அவ முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தா.

‘எனக்குத் தெரியும் பிள்ளை.’

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

‘சின்ன வெடிதான் எண்டு நீர் வந்து சொல்லேக்கை உம்மட முகத்திலை பயத்தைப் பாத்தனான். இன்னொருக்கா வடிவாப் பாருமன் எண்டு வாய்மட்டும் வந்தது. நான் கேட்டிருந்தா நீர் இறங்கியிருப்பீர். வாக்குக் குடுத்தனீரெல்லோ, கட்டாயம் இறங்கியிருப்பீர். உம்மட கொப்பரிட்டை ஏற்கெனவே ஒரு பிள்ளையை வாங்கிப்போட்டாங்கள். தண்ணிக்காக நான் மற்றதையும் கேக்கிறதோ? அதுதான் பேசாமல் உள்ளை போனனான்.’

எனக்கு அழுகைதான் வந்தது. அவ என் முதுகைத் தடவவோ, அழாதே என்று சொல்லவோ இல்லை. கோப்பையை எடுத்து என் கையில் வைத்தா.

‘ஆறப்போகுது, குடியும்.’

குடித்தேன். நன்றாகவே உப்புக் கரித்தது. ஒரு சொட்டு மிச்சம் விடாமல் குடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.